நிகர எடை

மின்சாரம் போன ராத்திரியில்தான் தெரிந்தது.
ஊத்தான் மெலிந்தாங் முழுக்க அணைந்துவிட்டது,
ஆலைப் புகைபோக்கியின் விளக்குகூட.
குளியலறையில், சுடுநீர்ப் பெட்டிக்கு மேலே,
காற்றுத் துளைக்குள்
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அணையவில்லை.
கொசுவத்தி நுனி என்று நினைத்தேன்.
குளியலறையில் யார் கொசுவத்தி ஏற்றுவார்கள்?

நாற்காலி போட்டு ஏறினேன்.
கட்டைவிரல் அளவுதான்.
பதினான்கு மாத வாடகை
அதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் கேசவமூர்த்தி
கீழ்க்கடையில் கைப்பேசி பழுது பார்ப்பவர்,
கோயில் கணக்கு எழுதுபவர்.
"திருடனுக்காக வெச்சதும்மா" என்றார்.
என்ன இருக்கிறது அங்கே திருட,
ஒரு வாளி, பாதி கரைந்த சவர்க்காரம்.

ரிப்போர்ட் எழுதிய போலீஸ் தம்பி
நிமிர்ந்தே பார்க்கவில்லை, நல்ல பிள்ளை.
ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது:
மேல் நடவடிக்கை இல்லை.

அதன் பிறகுதான் தெலுக் இந்தான் பஸ் ஏறினேன்.

வக்கீல் ஹர்ஜீத் கோர் பேனாவை மூடாமல் கேட்டார்,
நஷ்டஈடு எவ்வளவு?
நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலையோடு லாரி வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் நிகரம்.
பத்து கிலோ தப்பினாலும்
கண்ணாடியைத் தட்டுவார்கள்.
என்னை எப்படிக் கழிப்பது?
விளக்கைப் போட்டுக் குளித்தவள், முதல் எடை.
இருட்டில் பாவாடையோடு
நாலு குவளையில் முடித்துக்கொள்பவள்,
கிளினிக்கில், தங்கச்சி வீட்டில்
நுழைந்ததும் கூரை மூலையைப் பார்ப்பவள்,
இரண்டாம் எடை.
தொகையை வக்கீலே எழுதினார்.
நான் பூஜ்யங்களை மட்டும் எண்ணினேன்.

கடைத்தெருவில் இதற்கு மானநஷ்ட வழக்கு என்று பேர்.
பரிதாபமாகத்தான் சொல்கிறார்கள்.
கோயில் தலைவர் வாசல்வரை வந்தார்:
"போன மானம் போனதுதான்,
அதைக் கோர்ட்டில வேற விரிச்சுக் காட்டணுமா?"
ஐயா, என் மானம் எங்கேயும் போகவில்லை.
நான் கேட்பது வேறு.
காலை ஐந்தே முக்கால். வேலைக்கு முன்
யாருக்கும் பதில் சொல்லாத ஒரு கால் மணி.
வரி மறந்த பாட்டு.
ஆபரேஷன் தழும்பைத் தடவிப் பார்ப்பது.
ஒருநாள், காரணமே இல்லாமல், அழுதது.
பத்திரம் இல்லாவிட்டாலும்
அதெல்லாம் என் பேரில் இருந்தது.

சுகுணவதி த/பெ அய்யாக்கண்ணு
என்று நீளமாகக் கூப்பிட்டார்கள்.
எத்தனை பதிவு, எதில் முகம் தெரிகிறது
என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.
மலாயில் சத்தமாக வந்த கேள்வியை
மொழிபெயர்க்கும் அம்மா
தமிழில் தாழ்த்திச் சொன்னார்.
பிரிவாசி வந்த இடத்தில் நின்றார்.
தனியுரிமை என்றார். பிறகு அந்தரங்கம்.
பிறகு என் முகத்தைப் பார்த்து,
"மறைப்பு" என்றார்.

லயத்துக்குப் பின்னால் தகரத்தில் அடித்திருப்பார்களே, அது.
கூரை கிடையாது, ஆணித்துளை நூறு.
தகரமா மறைத்தது?
அந்தப் பக்கம் போனவர்கள் பார்க்காமல் போனார்கள்.
"ஆமாம்" என்றேன், "அதுதான்."
குறிப்பில் ஏறியதா, தெரியாது.

கேசவமூர்த்தி என்னைப் பார்க்கவே இல்லை,
அன்று முழுக்க,
முதல் தடவையாக.

பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.
சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி வந்து
பஸ் பிடித்து, மதிய ஷிப்டுக்குத் திரும்பினேன்.
மேடைக்கு முன்னால் பதினொரு லாரி.
"கோர்ட்டில என்ன சொன்னாங்க?"
ஓட்டுநர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்.
"இறங்குங்கண்ணே.
ஆள் உள்ள இருந்தா எடை தப்பாகும்."

அவர் இறங்கி வெயிலில் நின்றார்.
திரையில் எண்கள் ஏறின, இறங்கின.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.